முதல் மாரிக்கு ஒன்றும் நடாதீர்கள்

வீட்டுத்தோட்டம் போடப் போகிறேன் என்று யாராவது வந்து விதை கேட்டால் கொடுக்கிறேன். கூடவே ஒன்றும் சொல்கிறேன்: "முதல் மாரிக்கு ஒண்டும் நடாதேங்கோ. வளவைச் சும்மா நடந்து பாருங்கோ." கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. கையில் விதைப் பொதியை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பொறுத்திருக்க யாருக்கு மனம் வரும்? எனக்கும் வரவில்லை. வராததால் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வளவு அரை ஏக்கர். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில், ஒரு கிரவல் ஒழுங்கையால் உள்ளே போக வேண்டும். 2010 கடைசியில், போரில் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது, இது எங்கள் வளவுதான் என்று சொல்லக் கிணறும் இரண்டு பனையும் மட்டுமே நின்றன. முதலில் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில், அதற்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தின் 5,50,000 ரூபாயோடு கடனும் பட்டுக் கட்டிய வீடு. வீடு எழும்பும் வரைக்கும் மண்ணைப் பற்றி நினைக்க நேரமில்லை. எழும்பிய பிறகும் முற்றத்தைக் கூட்டினேனே தவிர, பின்வளவை எட்டிப் பார்த்தது குறைவு.

நான் முன்பள்ளி ஆசிரியை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளி பூட்டப்பட்டது. இவருக்கு மேசன் வேலை, அதுவும் நின்றது. வீட்டில் நாலு பேர், வருமானம் இல்லை. அப்போதுதான் பின்வளவு கண்ணில் பட்டது.

முதல் நாளே மண் எங்களைத் திருப்பி அனுப்பியது. வன்னியில் தோட்டம் செய்தவர்களுக்கு இது தெரியும். மழையில் காலோடு ஒட்டுகிற அதே செம்மண், வெயிலில் காய்ந்தால் சீமெந்துத் தரைதான். மண்வெட்டி துள்ளியது. அலவாங்கால் குத்தினால் ஒரு கைப்பிடி மண் பெயர்ந்தது. இவர் இரண்டு நாள் குத்திக் கை கொப்பளித்த பிறகுதான் மாமி சொன்னா: "மழைக்குப் பிறகு கிண்டவேண்டிய மண்ணைக் காய்ஞ்ச நேரத்தில கிண்டினா உப்பிடித்தான்." அன்று பின்னேரம் பாத்தி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே வைக்கோல் பரப்பி, மூன்றாம் நாள் வெட்டினோம். மண்வெட்டி இறங்கியது. மண்ணோடு பலம் காட்டுவதை அன்றோடு விட்டோம். ஈரம் கையில் ஒட்டாமலும், பிடித்தால் உருண்டையாகியும் இருக்கிற பதம் ஒன்று இருக்கிறது. அந்தப் பதத்தில் வெட்டினால் இரண்டு ஆள் வேலைக்கு ஒரு ஆள் போதும்.

எல்லா இடமும் இப்படி இறுகிக் கிடக்க, வடக்கு மூலையில் மட்டும் மண் இளக்கமாக இருந்தது. நிறமும் கொஞ்சம் கறுப்பு. கோடையிலும் புல் பச்சையாக நின்றது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோசம். அந்த வருடம் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டுக் கடையில் மஞ்சள்தூள் பவுன் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இருந்த சின்னச் சங்கிலியை அடகு வைத்து 10 கிலோ விதைமஞ்சள் வாங்கினேன். அந்த இளக்கமான மூலை முழுவதும் பாத்தி போட்டு நட்டேன். இடத்தைத் துப்புரவாக்கும்போது அங்கே நின்ற ஒரு மருதங்கன்றையும் நிறையக் கோரைப்புல்லையும் பிடுங்கி எறிந்தேன். அந்த மருதங்கன்றை இன்றைக்கும் நினைக்கிறேன்.

*

ஓகஸ்ட் மாதம், சோழகம் அடித்து எல்லாம் காய்ந்து கிடந்த ஒரு விடியல். எழும்பி வந்து பார்த்தால் பயற்றங்கொடிப் பந்தல் நிலத்தில். வெண்டியில் தண்டு மட்டும். கத்தரிக்குள் ஒரு நாம்பன் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. கட்டாக்காலி மாடுகள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இவை அயல் வளவு அப்புவின் மாடுகள் என்று எனக்குத் தெரியும். படலையில் போய் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். வயதுக்கு மூத்த மனுசன். ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. "ஓம் பிள்ளை, என்ரை பிழைதான். புல்லில்லை, அறுத்துக்கொண்டு போட்டுதுகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை எங்கள் படலையடியில் நாலு உரப்பை மாட்டெரு. அதற்கு அடுத்த நாள் இன்னும் நாலு.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. போய்க் கதைத்தேன். அன்றைக்குத் தொடங்கிய உறவு அது. எரு விசயத்திலும் முதலில் பிழை விட்டேன். பச்சைச் சாணத்தை அள்ளி மிளகாய்க்கன்றுகளைச் சுற்றிப் போட, ஒரு கிழமையில் இலை ஓரம் கருகியது. நெருஞ்சியும் பெயர் தெரியாத களைகளும் படையாக முளைத்தன. எருவை நிழலில் குவித்து, குழை கலந்து, ஈரம் காயாமல் மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்து மண் வாசம் வந்த பிறகுதான் போட வேண்டும் என்று அப்பு காட்டித் தந்தார். கையை உள்ளே விட்டால் சூடு இருக்கக்கூடாது. இதுதான் அவர் சொன்ன அளவு. அதைவிட நல்ல அளவுகோலை இன்றுவரை நான் காணவில்லை.

அதே அப்புதான் வேலியையும் சொல்லித் தந்தார். நான் சீமைக்கிளுவைத் தடிகளை மட்டும் நட நினைத்திருந்தேன், குழை உரத்துக்கு உதவும் என்று. "அதை வெளியாலை நட்டா மாட்டுக்குப் பந்தி விரிச்ச மாதிரி. வெளியாலை முட்கிளுவை, உள்ளாலை சீமைக்கிளுவை" என்றார். ஐப்பசி மழை தொடங்கும் நேரம் வேலிக்கு நடுகிற தடியான கதியாலை வெட்டி, சில நாள் நிழலில் கிடத்தி, இரண்டு வரிசையாகப் போட்டோம். துளிர்க்கும் வரை காட்டு முள்ளை வெட்டி வெளியே அடைத்தோம். தன் மாட்டைத் தடுக்கும் வேலிக்குத் தானே வந்து கதியால் பிடித்து நின்ற மனுசன்.

*

அந்த ஐப்பசியிலேயே இன்னொன்றும் நடந்தது. தென்னம்பிள்ளை வைக்க மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டிக்கொண்டிருந்தார் இவர். இரண்டடி ஆழத்தில் மண் திடீரென்று இளகி, அலவாங்கு வழுக்கி உள்ளே இறங்கியது. தகரம் உரசும் சத்தம். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம்.

வன்னியில் மண்ணுக்குள் தகரச் சத்தம் கேட்டால் வேலை நிற்க வேண்டும். எங்கள் பகுதி கண்ணிவெடி அகற்றிக் கொடுக்கப்பட்ட நிலம்தான். ஆனாலும் அலவாங்கை வெளியே எடுக்கக்கூட இவர் அவசரப்படவில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பினோம். கிராம அலுவலருக்கு அறிவித்தோம், உரியவர்கள் வந்து பார்த்து வெடிபொருள் ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. புதிதாகக் காணி துப்புரவாக்குகிறவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்கிறேன். தெரியாத உலோகத்தைத் தட்டாதீர்கள், தோண்டி எடுத்துப் பார்க்காதீர்கள். பற்றையைக் குவித்து நெருப்பு வைக்காதீர்கள், கீழே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அது ஒரு பங்கர். எங்களுடையதல்ல. நாங்கள் வெட்டியது கிணற்றடியில். 2009 சனவரியில் நாங்கள் எழும்பிப் போன பிறகு யாரோ வந்து, எங்கள் வளவில் சில நாள் இருந்திருக்கிறார்கள். உக்கிய பனங்குற்றி, மடிந்த தகரம், அதற்குக் கீழே மண் மூட்டைகள். மூட்டை என்பது சேலை. சேலையை மடித்து, மொத்த நூலால் கையால் தைத்து, மண் நிரப்பி, வாயைச் சேலைக் கரையாலேயே கட்டியிருந்தார்கள். துணி நிறம் மங்கித் தொட்ட இடம் கழன்றது. கரையில் ஓடிய சரிகை மட்டும் மண்ணைத் துடைக்கத் துடைக்க மினுங்கியது. தையல் ஒரே சீராக இருந்தது. அவசரத்தில் தைத்த தையல் மாதிரி இல்லை. யாரோ ஒரு பெண், செல் குண்டு விழுகிற நேரத்தில், பிள்ளைக்குச் சட்டை தைக்கிற கவனத்தோடு தைத்திருக்கிறாள். கலியாணச் சேலையாகத்தான் இருக்க வேண்டும்.

இவர் குழியை மூடிவிட்டு வேறு இடம் பார்ப்போம் என்றார். எனக்கு மனம் வரவில்லை. தகரத்தையும் குற்றியையும் எடுத்துவிட்டு, சேலை மூட்டைகளை அப்படியே அடியில் விட்டோம். மேலே பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு பரப்பினோம். அது மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். எருவும் மேல்மண்ணும் போட்டுத் தென்னம்பிள்ளையை வைத்தோம். இப்போது அது என் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. அந்தப் பெண் எங்கேயாவது நன்றாக இருக்க வேண்டும் என்று தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

*

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. காற்றுக்குப் பயந்து வீட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். தோட்டத்தை நினைக்கவில்லை. விடிந்து பார்த்தால் வடக்கு மூலை குளம். மஞ்சள் இலைகளின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

மழை விட்டும் தண்ணீர் போகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். அப்பு குடையோடு வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:

"உது பழைய ஓடை, பிள்ளை. முந்திக் குளம் வான் பாய்ஞ்சா உதாலைதான் தண்ணி ஓடுறது. போன வருசம் ஒழுங்கையை உயத்தேக்க மதகு வைக்கேல்லை. தண்ணி எங்கை போறது?"

"ஏனப்பு எனக்கு முதல்லயே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. நீ நட்டபிறகு சொல்லி என்ன, மனம் நோகும் எண்டு விட்டிட்டன்."

இலை மஞ்சளித்தது. தண்டைப் பிடித்து இழுத்தால் அடியில் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. கிழங்கைத் தோண்டி எடுத்தேன். வெளித்தோல் நல்ல கிழங்கு மாதிரியே இருந்தது. விரலால் அமத்த, உள்ளே இருந்தது தண்ணீராக வழிந்து தோல் மட்டும் கையில் நின்றது. அழுகல் மணம் நகத்தில் இரண்டு நாள் இருந்தது. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம்தான் கிடந்தது. சங்கிலி அடகில்.

கிணற்றுக்கட்டில் இருந்து அன்று அழுதேன். அழுது முடிந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மண் ஏன் அங்கே மட்டும் இளக்கம்? ஓடை கொண்டுவந்து போட்ட வண்டல். புல் ஏன் கோடையில் பச்சை? கீழே ஈரம். கோரைப்புல் தண்ணீர் தேங்குகிற இடத்தைத் தேடி வளரும். மருது ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நிற்கிற மரம். இவ்வளவும் அந்த மூலை எனக்குச் சொல்லித்தான் இருந்தது. நான் அதை அதிட்டம் என்று நினைத்தேன். கன்றைப் பிடுங்கி எறிந்தேன்.

மேட்டு ஓரத்தில் நின்ற இரண்டு பாத்தியில் மூன்று கிலோ அளவு தப்பியது. அதைச் சாம்பலில் புரட்டி, நிழலில் மணலுக்குள் வைத்து, அடுத்த வருடத்துக்கு விதையாக்கினேன். இப்போது மஞ்சள் நிற்பது வீட்டுக்குக் கிழக்கே, மாமரத்தின் அரைநிழலில், அரையடி உயர்த்திய மேடைப்பாத்தியில். வடக்கு மூலையை ஓடைக்கே கொடுத்துவிட்டேன். நடுவே ஒரு வாய்க்கால், இரு கரையிலும் கங்குன், வல்லாரை, சேம்பு. அதிகம் பார்க்காமலே அதிகம் தருகிற மூலை இன்று அதுதான். சங்கிலியையும் வல்லாரை விற்ற காசோடுதான் மீட்டேன், ஒன்றரை வருடம் எடுத்தது.

இந்தப் பாடம் தோட்டத்தோடு நிற்கவில்லை. முன்பள்ளி திரும்பத் திறந்தபோது ஒரு சின்னவன் வந்தான். காலை முழுக்க நல்லாக விளையாடுவான். பதினொன்றரை மணிக்கு, ஒரு காரணமும் இல்லாமல், அழத் தொடங்குவான். முந்தின நானாக இருந்தால் விளையாட்டுச் சாமான் கொடுத்தோ குரலை உயர்த்தியோ அடக்கப் பார்த்திருப்பேன். அந்த வருடம் அப்படிச் செய்ய முடியவில்லை. அவனுடைய அம்மம்மாவிடம் போய், பிள்ளை இங்கே வர முதல் என்ன நடந்தது என்று கேட்டேன். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போன நாள், பதினொன்றரை பஸ்ஸில்தான் ஏறினாவாம். ஒழுங்கை முனையில் அந்த பஸ் அடிக்கிற ஹோன் பள்ளிக்குள் கேட்கும். அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவனை என் மடியில் வைத்துக்கொண்டேன், ஹோன் அடிக்கும்போது எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து பஸ் பாட்டுப் பாடினோம். உடனே மாறிவிடவில்லை. ஆனால் சில மாதத்தில் அழுகை குறைந்தது.

*

மற்ற இடைஞ்சல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குரங்குக்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வளவில் மஞ்சளையும் வல்லாரையையும் தொடவில்லை, பயற்றங்காயையும் பப்பாசிப் பிஞ்சையும் விடவில்லை. அதனால் அவை விரும்புகிறவற்றை வீட்டோடு ஒட்டி, ஆள் நடமாடுகிற பக்கம் வைத்தோம். இழப்பு பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

வெண் ஈ வந்து மிளகாய் இலை சுருண்டால் அந்தக் கன்றைப் பிடுங்கி அழித்துவிடுவதே நல்லது. இரக்கப்பட்டு ஒரு கன்றை வைத்திருந்து முப்பது கன்றை இழந்திருக்கிறேன்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது யூரியாவை நம்பியிருந்த வயல்காரர் பட்ட பாட்டைக் கண்டோம். எங்கள் சின்னத் தோட்டம் சீமைக்கிளுவைக் குழையிலும் அப்புவின் எருவிலும் ஓடியது. ஆனால் அடுத்த வருடம் எங்களையும் பிடித்தது. எங்கள் பம்ப் மண்ணெண்ணெயில் வேலை செய்வது. 2022 இல் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, கிடைத்தபோது ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. பம்பை நம்பிப் பெருப்பித்த பாத்திகள் கண்முன்னே காய்ந்தன. அப்போதுதான் முட்டி புதைத்தோம். சுட்ட மண்முட்டியைக் கழுத்துவரை மண்ணுக்குள் இறக்கித் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால், சுவரால் கசிந்து வேருக்குப் போகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். அதே படிவு முட்டியின் கண்ணையும் அடைத்துவிடும். பருவத்துக்கு ஒருமுறை எடுத்துப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தும்பால் உரஞ்சினால் திரும்பக் கசியும். அந்த வருடத்திலிருந்து, பம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாளில் நானும் இவரும் கையால் எத்தனை வாளி அள்ள முடியுமோ அந்த அளவுக்குமேல் கோடைத் தோட்டம் போடுவதில்லை.

*

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை வன்னியில் யாரும் மறக்க மாட்டார்கள். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்து, எங்கள் மண்ணில் அப்படி ஒரு குளிரை மாமியும் கண்டதில்லை என்றா. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விறைத்து விழுந்து செத்தன.

விடியற்காலை அப்புவின் குரல் கேட்டு ஓடினோம். பட்டியில் பதினொரு மாடு. ஏழு வெளியில் கிடந்தன, கால் நீட்டியபடி. அப்பு ஒவ்வொன்றாகப் போய்த் தாடையைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு மாடு எங்கள் வேலியோடு ஒட்டிப் படுத்திருந்தன. அந்தப் பக்கம் காற்றுக்கு மறைவு. இரண்டு வருடத்தில் கிளுவையும் சீமைக்கிளுவையும் அடர்ந்து ஆளுயரத்துக்குச் சுவராகி நின்றன. மாடுகளின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. உரப்பைகளையும் பழைய போர்வைகளையும் கொண்டுபோய்ப் போர்த்தினோம், வைக்கோல் மூட்டிக் கணகணப்பாக்கினோம். நாலும் பிழைத்தன. அதில் ஒன்று, முதல் வருடம் என் கத்தரிக்குள் நின்ற நாம்பன்.

அதற்குப் பிறகு எங்கள் எல்லையில் பத்தடி அகலத்துக்கு வேலியை உள்ளே வளைத்து, மாடுகள் ஒதுங்க இடம் விட்டிருக்கிறோம்.

இந்த வருடம் ஒழுங்கைக்கு அங்காலை இருக்கிற காணிக்கு ஒரு இளம் குடும்பம் வந்திருக்கிறது. மாரிக்கு முதல் மிளகாய் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளை அவசரப்பட்டாள். விதையைக் கொடுத்து, வழக்கம்போலச் சொல்லியும் விட்டேன். முதல் பெருமழை பெய்த அன்று பின்னேரம் நான் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்புவும் தலையில் உரப்பையைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மூன்று பேருமாக அவளுடைய வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் ஒவ்வொரு தடி நட்டோம். கிழக்கு எல்லையில் ஒரு இடத்தைக் காட்டி, "இதிலையும் ஒண்டு நடு பிள்ளை, இதில முந்தி ஒரு கிணறு இருந்தது" என்றார் அப்பு. அவள் கணுக்கால் தண்ணீருக்குள் நின்றுகொண்டு அடுத்த தடியைக் கையில் எடுத்தாள்.